நோய்க்கு இடம்கொடுக்கும் மரபணுவைச் செடி ஏன் இத்தனை காலம் விட்டுவைத்திருக்கிறது?

கதிர்முனை:

வணக்கம். பயிர் இனப்பெருக்கத்தில் முதுநிலை முதல் ஆண்டு படிக்கிறேன். இதுவரை பாடத்தில் வந்ததெல்லாம் எதிர்ப்பு மரபணுக்கள்தான். பூஞ்சை தன் புரதம் ஒன்றைச் செல்லுக்குள் செலுத்துகிறது. செடியின் எதிர்ப்பு மரபணு உருவாக்கிய உணரி அதைக் கண்டுகொள்கிறது. உடனே அந்தச் செல் செத்துப்போக, பூஞ்சைக்குச் சாப்பாடு கிடைக்காமல் போகிறது. ஹரோல்ட் ஃப்ளோர் ஆளிச்செடியின் துரு நோயில் கண்டுபிடித்த 'மரபணுவுக்கு மரபணு' கொள்கை. இதுவரை சரி.

இப்போது நேர் எதிரான ஒன்றைப் படிக்கிறேன். பார்லியில் எம்லோ என்று ஒரு மரபணு இருக்கிறது. அது நன்றாக வேலை செய்தால் சாம்பல் நோய் வருகிறது. அது பழுதானால், அதுவும் இரண்டு பிரதியுமே பழுதானால், அநேகமாக எந்தச் சாம்பல் நோய் இனமும் அந்தச் செடியை ஒன்றும் செய்ய முடிவதில்லை. நெல்லில் பை21 என்ற மரபணுவும் குலைநோய்க்கு இதே மாதிரி என்கிறார்கள்.

என் குழப்பம் இதுதான். நோய்க்கு இடம்கொடுக்கும் மரபணு செடிக்குக் கெடுதல் என்றால், இயற்கைத் தேர்வு அதை எப்போதோ கழித்துக் கட்டியிருக்க வேண்டாமா? சரி, அது செய்யவில்லை, நாமே கிரிஸ்பர் என்ற மரபணு வெட்டும் கருவியை வைத்து வெட்டிவிடலாம் என்றால், பிறகு ஏன் எல்லோரும் இன்னும் காட்டு இனங்களில் எதிர்ப்பு மரபணுக்களைத் தேடி அலைகிறார்கள்?

கோதுமையில் இப்படி ஒரு மரபணுவை எடுத்து ஆய்வு செய்யும் வாய்ப்பு வந்திருக்கிறது. ஒப்புக்கொள்வதற்கு முன் புரிந்துகொள்ள நினைக்கிறேன். இந்த வேலையில் கைபட்டவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

---

இலைத்தோல்:

முதல் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அது தெளிந்தால் இரண்டாவது தானாகவே பாதி தெளிந்துவிடும்.

நான் பல வருடங்களாகப் பார்லி, கோதுமை நாற்றுகளில் சாம்பல் நோயைப் பார்த்துப் பதிவுசெய்யும் வேலையில் இருக்கிறேன். முதல் இலை விரிந்ததும் துண்டாக வெட்டி, அகர் ஊற்றிய தட்டில் படுக்கவைத்து, மேலிருந்து பூஞ்சை வித்துகளைத் தூவுவோம். அப்புறம் குறித்த நேரத்தில் எடுத்து, பச்சையத்தை நீக்கி, சாயமேற்றி, மைக்ராஸ்கோப்பில் ஒவ்வொரு செல்லாகப் பார்த்துக்கொண்டு போக வேண்டும். வயலில் நின்று பார்த்தால் 'இலை வெளுத்திருக்கிறது, இலை சுத்தமாக இருக்கிறது' என்ற இரண்டு நிலைதான் தெரியும். சுத்தமான இலைக்குள் என்ன நடந்தது என்பது இங்கேதான் தெரியும்.

இந்தப் பூஞ்சை உயிருள்ள செல்லில் மட்டுமே வாழும். இலையின் மேல்தோல் செல்லைத் தாண்டி உள்ளே போகவும் போகாது. வித்து விழுந்து ஓரிரு மணி நேரத்தில் சின்னதாக ஒரு முளைக்குழல் வரும். அது இலையைத் தொட்டுப் பார்ப்பதற்கு. 10 மணி நேரம் ஆகும்போது இன்னொரு குழல் நீண்டு, நுனி தடித்து, கொக்கி மாதிரி வளைந்து இலையில் ஒட்டிக்கொள்ளும். 15 மணி நேர அளவில் அந்த நுனியிலிருந்து ஊசி போன்ற ஒரு முளை செல் சுவரைக் குத்தும். உள்ளே போய்விட்டால் 24 மணி நேரத்துக்குள் விரல்விரலாகக் கிளைத்த உறிஞ்சு உறுப்பைச் செல்லுக்குள் பார்க்கலாம். அதற்குமேல் பூஞ்சைக்குக் கவலையில்லை.

செடியும் சும்மா இருப்பதில்லை. குத்து விழும் இடத்துக்கு நேர் கீழே, சுவரின் உள்பக்கத்தில் ஒரு தடிப்பைக் கட்டுகிறது. சாதாரண பார்லியில் பல இடங்களில் இந்தத் தடிப்பை ஊசி துளைத்துவிடுகிறது. எம்லோ பழுதான பார்லியில் ஏறக்குறைய எல்லா முயற்சியும் தடிப்போடு நின்றுவிடுகிறது. நீங்கள் பாடத்தில் படித்த எதிர்ப்புக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டை இந்த இடத்தில் கவனியுங்கள். இங்கே மேல்தோல் செல் சாகவில்லை. பூஞ்சையின் குறிப்பிட்ட புரதம் எதையும் யாரும் அடையாளம் காணவும் இல்லை. பூஞ்சை வாசலைத் தாண்டவே இல்லை, அவ்வளவுதான். அதனால்தான் பூஞ்சை தன் புரதத்தை மாற்றிக்கொண்டு தப்பிப்பது இங்கே எளிதாக இல்லை.

அப்படியானால் எம்லோ புரதம் பூஞ்சைக்காகவா இருக்கிறது? இல்லை. செல் சவ்வை ஏழு முறை ஊடுருவி நிற்கும் புரதம் அது. செல்லின் தற்காப்பு அளவுக்கு மீறிப் போகாமல் அடக்கிவைப்பது அதன் வேலைகளில் ஒன்று. அது இல்லாத பார்லியில், பூஞ்சையே இல்லாத சுத்தமான அறையில் வளர்த்தாலும், இலையில் தானாகவே சுவர்த் தடிப்புகள் தோன்றும். இலையின் உள்செல்கள் ஆங்காங்கே செத்துப் பழுப்புப் புள்ளிகள் விழும். இலை சீக்கிரமே முதுமை அடையும். இதே குடும்பத்தைச் சேர்ந்த இன்னொரு மரபணு, ஆய்வுக்கூடங்களில் வளர்க்கும் அராபிடாப்சிஸ் என்ற சிறு செடியில், சூலுக்குள் வந்து சேர்ந்த மகரந்தக் குழல் வெடித்து ஆண் செல்களை விடுவதற்குத் தேவைப்படுகிறது. அது பழுதானால் விதை பிடிப்பதே குறைகிறது.

எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது 2020-இல் வெளிவந்த ஒரு கண்டுபிடிப்பு. வேரில் குடியேறி மண்ணிலிருந்து பாஸ்பரஸை எடுத்துக்கொடுக்கும் வேர்ப்பூஞ்சை இருக்கிறதே, மைக்கோரைசா, அதுவும் இந்த எம்லோவின் துணையோடுதான் தொடக்கத்தில் வேருக்குள் நன்றாகக் குடியேறுகிறது. பார்லி, கோதுமை இரண்டிலும், ஒரு பயறு வகைச் செடியிலும் பார்த்திருக்கிறார்கள். எம்லோ இல்லாத செடியில் இந்தக் குடியேற்றம் தாமதமாகிறது, குறைகிறது.

உங்கள் முதல் கேள்விக்கு விடை இதில் இருக்கிறது என்றே நம்புகிறேன். நன்மை செய்யும் பூஞ்சையை உள்ளே விடுவதற்குச் செடி வைத்திருக்கும் ஏற்பாட்டைத்தான் சாம்பல் நோய்ப் பூஞ்சை பயன்படுத்திக்கொள்கிறது. நோய்க்கென்று ஒரு மரபணு செடியில் கிடையாது. வேறு வேலைக்கு இருக்கும் மரபணுவை நோய்க்காரன் பிடித்துக்கொள்கிறான். சாம்பல் நோய் எல்லா வருடமும் எல்லா இடத்திலும் கடுமையாக வருவதில்லை. வேருக்குப் பாஸ்பரஸ் ஒவ்வொரு நாளும் வேண்டும். இயற்கைத் தேர்வு எந்தப் பக்கம் சாயும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

இன்னொரு விலையும் உண்டு. எம்லோ இல்லாத பார்லி இலையில் குலைநோய்ப் பூஞ்சையை விட்டால், சாதாரண பார்லியைவிட அதிகமாகவே பாதிக்கப்படுகிறது. செத்த செல்லைத் தின்னும் பூஞ்சைகளுக்கு, தானாகச் சாகத் தயாராக இருக்கும் இலை சாதகம். ஆகவே ஒரு செடியைப் பற்றி 'நோய் எதிர்ப்புள்ளது' என்று யாராவது பொதுவாகச் சொன்னால், எந்தப் பூஞ்சைக்கு என்று உடனே கேளுங்கள்.

---

பின்கலப்பு:

இலைத்தோல் அம்மா சொன்ன உயிரியலில் எனக்கு மாறுபாடு இல்லை. ஆனால் படிக்கிற பிள்ளை 'இது ஆகாத வேலை' என்று நினைத்துவிடக் கூடாது. நான் ரகம் உருவாக்கும் பக்கத்து ஆள், அதனால் வயல் கணக்கையும் சொல்கிறேன்.

பழுதான எம்லோ முதலில் கிடைத்தது 1942-இல், ஜெர்மனியில், எக்ஸ்-கதிர் பாய்ச்சிய பார்லியிலிருந்து. இலைப்புள்ளியும் விளைச்சல் குறைவும் இருந்ததால் பல ஆண்டுகள் யாரும் அதை ரகமாக்கவில்லை. அப்புறம் எத்தியோப்பியாவின் நாட்டு பார்லியில் இயற்கையாகவே ஒரு வடிவம் இருப்பது தெரிந்தது. 1930-களின் கடைசியில் அங்கே திரட்டிவந்த விதைகள் அவை. அதில் மரபணு உடைந்திருக்கவில்லை. அதன் முன்பகுதியில், அதே மரபணுவின் அரைகுறைத் துண்டுகள் அடுத்தடுத்து வந்து உட்கார்ந்து, அதைச் சரியாகப் படிக்கவிடாமல் செய்கின்றன. கவனியுங்கள், கதிர்முனை கேட்ட இயற்கைத் தேர்வு ஓரிடத்தில் அதை ஒதுக்கியிருக்கலாம். அந்த வடிவத்தைத் திரும்பத் திரும்பக் கலப்புச் செய்து, புள்ளி குறைந்த, விளைச்சல் நிற்கும் செடிகளைத் தேர்ந்தெடுத்து ரகமாக்கினார்கள். 1979 முதல் ஐரோப்பிய வசந்தகால பார்லியில் இந்த எதிர்ப்பு வயலில் நிற்கிறது, இன்னும் உடையவில்லை.

இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கோதுமையின் உறவுப் பயிரான ரை செடியிலிருந்து கோதுமைக்குக் கொண்டுவந்த எஸ்ஆர்31 என்ற தண்டுத்துரு எதிர்ப்பு மரபணு உலகம் முழுக்கப் பரவியிருந்தது. 1998-இல் உகாண்டாவில் அதை வென்ற பூஞ்சை இனம் தென்பட்டது. யூஜி99 என்று பெயர். ஒரே மரபணுவை நம்பியிருந்த ரகங்கள் எல்லாம் ஒரே நேரத்தில் ஆபத்துக்கு ஆளாயின. ஆகவே விலை கொடுத்து வாங்கினாலும் நீடிக்கிற எதிர்ப்பு எனக்குப் பெரிது.

விலையைக் குறைக்கவும் முடியும். கோதுமையில் ஒவ்வொரு மரபணுவும் பெரும்பாலும் மூன்று குரோமோசோம் தொகுதிகளில் இருக்கும். ஏ, பி, டி. மூன்றிலும் எம்லோவை வெட்டினால்தான் சாம்பல் நோய் நிற்கும். சீனாவில் கௌ காய்ஷியாவின் குழுவும் கூட்டாளிகளும் 2014-இல் அதைச் செய்து காட்டினார்கள். செடி சீக்கிரம் முதிர்ந்து வளர்ச்சி குன்றியது. 2022-இல் அவர்களே இன்னொரு வகையைக் கொண்டுவந்தார்கள். அதில் பி தொகுதியில் 3 லட்சத்துக்கும் மேற்பட்ட டிஎன்ஏ எழுத்துகள் கொண்ட பெரிய துண்டே போய்விட்டது. அதனால் பக்கத்தில் இருந்த சர்க்கரைக் கடத்தி மரபணு ஒன்று கூடுதலாக வேலை செய்யத் தொடங்கி, வளர்ச்சியை ஈடுகட்டிவிட்டது. நோயும் இல்லை, விளைச்சலும் குறையவில்லை.

நெல்லின் பை21-இலும் இதே பாடம்தான். ஜப்பானிய மேட்டு நெல் ரகம் ஒன்றில் குலைநோய் எதிர்ப்பு இருந்தது, ஆனால் அதைக் கலப்புச் செய்தால் சோற்றின் சுவை கெட்டது. 2009-இல் ஆய்வாளர்கள் பிரித்துப் பார்த்தபோது, சுவையைக் கெடுத்தது பை21 இல்லை, அதன் பக்கத்தில் ஒட்டிவந்த வேறொரு மரபணு என்று தெரிந்தது. இரண்டையும் பிரித்த செடிகளில் எதிர்ப்பும் இருந்தது, சுவையும் இருந்தது. ஆகவே 'பக்க விளைவு' என்று ஒன்றைப் பார்த்தால், அது அந்த மரபணுவுடையதா, அண்டை வீட்டு மரபணுவுடையதா என்று முதலில் பிரியுங்கள்.

---

கதிர்முனை:

இருவருக்கும் நன்றி. வேர்ப்பூஞ்சை விஷயம் எந்தப் பாடத்திலும் நான் பார்க்காதது.

இன்னொன்று கேட்கிறேன். எதிர்ப்பு மரபணு வேறு, இடம்கொடுக்கும் மரபணு வேறு என்று இரண்டு கட்சியாகப் பிரித்துத்தான் இதுவரை நினைத்திருந்தேன். ஒரே மரபணு ஒரு நோய்க்கு எதிர்ப்பாகவும் இன்னொரு நோய்க்கு இடம்கொடுப்பதாகவும் இருக்க முடியுமா? பிறகு, எனக்கு வந்திருக்கும் மரபணு கோதுமையின் மஞ்சள் துரு தொடர்பானது. எடுத்தவுடன் என்ன செய்ய வேண்டும்?

---

இலைத்தோல்:

முடியும். அதற்கு ஓட்ஸ் பயிர் பெரிய விலை கொடுத்திருக்கிறது.

தென் அமெரிக்காவிலிருந்து வந்த விக்டோரியா என்ற ஓட்ஸ் ரகத்தில் துரு நோய்க்கு நல்ல எதிர்ப்பு இருந்தது. பிசி2 என்ற மரபணு. அமெரிக்காவில் அதைக் கலப்புச் செய்து ஏராளமான பரப்பில் பயிரிட்டார்கள். 1940-களின் நடுவில் அதுவரை யாரும் பொருட்படுத்தாத ஒரு பூஞ்சை வந்து, விக்டோரியா வழிவந்த ஓட்ஸை மட்டும் தேடித் தேடிக் கருக்கியது. அந்தப் பூஞ்சை விக்டோரின் என்ற நச்சை விடுகிறது. நச்சுக்குச் செடி இரையாவதற்குக் காரணமான மரபணுவையும் துரு எதிர்ப்பு மரபணுவையும் பிரிக்க எவ்வளவோ முயன்றார்கள், இன்றுவரை பிரியவில்லை. இரண்டும் ஒன்றே என்று கருதப் பலமான காரணம் இருக்கிறது. அராபிடாப்சிஸில் விக்டோரினுக்கு இடம்கொடுக்கும் மரபணுவைப் பிரித்தெடுத்துப் பார்த்தபோது, அது எதிர்ப்பு மரபணுக்களுக்கே உரிய அச்சில் வார்த்ததாக இருந்தது.

கோதுமையில் டிஎஸ்என்1 என்ற மரபணுவும் அப்படியே. பார்த்தால் எதிர்ப்பு மரபணுவின் அமைப்பு. ஆனால் டாக்ஸ்-ஏ என்ற புரத நச்சை விடும் இலைப்புள்ளிப் பூஞ்சைகளுக்கு அது கதவைத் திறந்துவிடுகிறது. நச்சைக் கண்டதும் செல் செத்துப்போகிறது. துருப் பூஞ்சைக்கு உயிருள்ள செல் வேண்டும், ஆகவே செல் செத்தால் அதற்குத் தோல்வி. இந்தப் பூஞ்சைகளோ செத்த செல்லைத்தான் தின்கின்றன. செடி செய்வது ஒரே செயல், எதிரி மாறும்போது பலன் தலைகீழாகிறது. அந்த நச்சு மரபணு ஒரு பூஞ்சையிலிருந்து இன்னொரு பூஞ்சைக்கே தாவியிருக்கிறது என்று 2006-இல் காட்டினார்கள்.

மக்காச்சோளத்தில் நடந்தது இன்னும் பெரியது. கலப்பின விதை எடுக்கும்போது ஆண் பூங்கதிரைக் கையால் கிள்ளும் வேலையை மிச்சப்படுத்த, ஆண் மலட்டுத்தன்மை தரும் டெக்சாஸ் சைட்டோபிளாசத்தைப் பயன்படுத்தினார்கள். 1970 வாக்கில் அமெரிக்காவில் சுமார் 85 சதவீதக் கலப்பின விதை அதைத்தான் சுமந்திருந்தது. மலட்டுத்தன்மையைத் தந்த அதே மைட்டோகாண்ட்ரியா மரபணுவின் புரதத்தில், ஒரு புதிய பூஞ்சை இனத்தின் நச்சு வந்து ஒட்டிக்கொண்டது. மைட்டோகாண்ட்ரியாவின் சவ்வில் ஓட்டை விழுந்தது. அந்த ஒரே ஆண்டில் விளைச்சலில் ஏறக்குறைய 15 சதவீதம் போனது. அந்த மரபணுவை யாரும் நோய்க்காகத் தேர்ந்தெடுக்கவில்லை. விதை உற்பத்திக்கு வசதி என்று தேர்ந்தெடுத்தார்கள். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கவலை வருகிறது. இன்று நாம் வேறு எதற்காகவோ எல்லா ரகத்திலும் ஒரே மாதிரி புகுத்திக்கொண்டிருக்கும் மரபணுக்கள் எவை எவை என்று கேட்கத் தோன்றுகிறது.

இப்போது உங்கள் மஞ்சள் துரு. தயங்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். 2022-இல் வெளிவந்த ஒரு நல்ல எடுத்துக்காட்டு இருக்கிறது, தேடிப் படியுங்கள். டாபிஎஸ்ஐபிகே1 என்ற கைனேஸ் நொதி. துருப் பூஞ்சை தன் புரதம் ஒன்றை அனுப்பி இந்த நொதியைத் தன்பக்கம் இழுத்து, செடியின் தற்காப்பை அடக்குகிறது. அந்த மரபணுவை வெட்டிய கோதுமை பல துரு இனங்களை எதிர்த்தது. இரண்டு ஆண்டு வயல் சோதனையிலும் விளைச்சல் பண்புகள் கெடவில்லை. எம்லோ மாதிரி எல்லா மரபணுவும் அதே விலையைக் கேட்பதில்லை.

முதல் வேலையாக, உங்கள் மரபணு எந்த உறுப்பில், எந்த வயதில் வேலை செய்கிறது என்று பாருங்கள். இலையில் பூஞ்சை வந்தபோது மட்டும் கூடுகிறதா, வேரிலும் மகரந்தத்திலும் எப்போதும் இருக்கிறதா? எப்போதும் எங்கும் இருக்கிறது என்றால் முழுதாக வெட்டுவதில் ஆபத்து அதிகம். அப்போது முழு வெட்டோடு நிறுத்தாமல், சின்னச் சின்ன மாற்றங்கள் கொண்ட பல வடிவங்களை உருவாக்கிப் பாருங்கள். நெல்லில் ஆர்பிஎல்1 என்ற மரபணுவில் 2023-இல் இதைச் செய்தார்கள். மரபணு பழுதான செடியில் எதிர்ப்பு வந்தது, விளைச்சல் படுத்துவிட்டது. வெறும் 12 எழுத்துகளை மட்டும் நீக்கிய வடிவத்தில் எதிர்ப்பும் நின்றது, விளைச்சலும் நின்றது.

அப்புறம் மூன்று தொகுதிகளையும் தனித்தனியாகவும் இரண்டிரண்டாகவும் வெட்டிய செடிகளை வைத்துக்கொள்ளுங்கள். மூன்றையும் வெட்டியதை மட்டும் பார்த்தால், விலையை எந்தப் பிரதி கேட்கிறது என்று தெரியாமலே போகும்.

துருவோடு சோதனையை முடித்துவிடாதீர்கள். செத்த செல்லைத் தின்னும் ஒரு பூஞ்சையையும் அதே செடிகளில் போட்டுப் பாருங்கள். தொட்டியில் வளர்க்கும்போது மண்ணைக் கொதிக்கவைத்துச் சுத்தமாக்கிவிடுகிறோம், அதனால் வேர்ப்பூஞ்சைக் குறை தெரிவதேயில்லை. பாஸ்பரஸ் குறைந்த மண்ணில், வேர்ப்பூஞ்சை சேர்த்து, ஒரு வரிசை கட்டாயம் வளருங்கள்.

---

பின்கலப்பு:

ஒன்று சேர்க்கிறேன். நாற்றுப் பருவத்தோடு நின்றுவிடாமல், கதிருக்கு அடியில் கடைசியாக விரியும் கொடியிலை வரும்வரை செடியை வைத்திருங்கள். எல்ஆர்34 என்ற மரபணு இலைத்துரு, மஞ்சள் துரு, சாம்பல் நோய் மூன்றையும் பல பத்தாண்டுகளாகத் தாமதப்படுத்தி வருகிறது, ஆனால் வளர்ந்த செடியில்தான் அது நன்றாகத் தெரியும். நாற்றில் மட்டும் பார்த்தவர்களுக்கு அது இருப்பதே தெரியாது. அதன் விலையும் கொடியிலையில்தான் கண்ணில் படும், நுனி காய்ந்துவரும். வெட்டும் செடிகளுக்கு அடிப்படையாக எடுக்கும் ரகத்தில் எல்ஆர்34 இருக்கிறதா என்று முன்கூட்டியே டிஎன்ஏ மார்க்கர் போட்டுப் பார்த்துவிடுங்கள். இருந்தால், கிடைக்கும் எதிர்ப்பில் எவ்வளவு உங்கள் வெட்டினால் வந்தது என்று பிரிக்கத் திண்டாட வேண்டிவரும்.

---

கதிர்முனை:

குறித்துக்கொண்டேன் ஐயா. அம்மா, செத்த செல்லைத் தின்னும் பூஞ்சைக்கு எதை எடுப்பது? கோதுமைக் குலைநோய்ப் பூஞ்சையா?

---

இலைத்தோல்:

வேண்டாம். அந்த நோய் இல்லாத நாடு என்றால் அந்தப் பூஞ்சையை உள்ளே கொண்டுவரவே கூடாது. அது பிரேசிலில் 1985-இல் தொடங்கி, 2016-இல் வங்கதேசத்தில் வெடித்தது. ஆய்வுக்காக என்றாலும் அந்த ஆபத்துக்குப் பக்கத்தில் போகாதீர்கள். பைபோலாரிஸ் சொரோகினியானா போதும், கோதுமை விளையும் பெரும்பாலான இடங்களில் ஏற்கெனவே இருக்கும் இலைப்புள்ளிப் பூஞ்சைதான். சில இனங்களில் டாக்ஸ்-ஏ நச்சும் உண்டு, ஆகவே உங்கள் ரகத்தில் டிஎஸ்என்1 இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, அந்த நச்சு இல்லாத ஓர் இனத்தை எடுங்கள். இல்லையென்றால் உங்கள் மரபணுவின் விளைவு அதற்குள் மறைந்துபோகும்.